யாரும் பார்க்காத அந்த ஒரு பெட்டி

மெய்நிகர் இயந்திரம் ஒண்டை உருவாக்கேக்க ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு எண்டெல்லாம் கணக்குப் பாக்கிறம். புரொசசர் வகை எண்டொரு பெட்டியும் அதே இடத்தில இருக்கும். அதை மட்டும் வந்தபடியே விட்டிட்டு 'நெக்ஸ்ட்' அமத்திப் போறம். என்னைக் கேட்டால், கூடுதலா யோசிக்க வேண்டிய இடமே அதுதான்.

காரணம் எளிமையானது. உள்ளே ஓடுகிற இயங்குதளம் எழும்பும்போதே புரொசசரிடம், "உனக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும்?" எண்டு கேட்கும். கிடைக்கிற பதிலை, நிறுத்தும்வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கும். புது சேர்வரில எழும்பின ஒரு இயந்திரம் ஏவிஎக்ஸ்-512 இருக்கு எண்டு நம்பினால், அதை நிறுத்தாமல் பழைய சேர்வருக்கு மாற்றினாலும் அந்த நம்பிக்கை மாறாது. அங்கே இல்லாத கட்டளையை ஓட்டப் பாத்து புரோகிராம் விழும். அதனாலதான் ஹைப்பர்-வி போன்றவை அந்த மாற்றத்தை முதலே மறுத்துவிடுகின்றன.

இதுக்கான மருந்து, கொஞ்சத்தை ஒளிச்சு வைக்கிறதுதான். ஹைப்பர்-வியில விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 காலத்தில இருந்து இதுக்கொரு தெரிவு இருக்கு. விஎம்வெயாரில அதே வேலைக்கு ஈவிசி. புரொக்ஸ்மொக்ஸில சிபியு வகை. எல்லாம் செய்யிறது ஒண்டுதான்: புரொசசருக்குத் தெரிஞ்சதில ஒரு பகுதியை மட்டும் உள்ளே காட்டுறது.

சிக்கல் என்னெண்டால், ஹைப்பர்-வியில இந்தத் தெரிவு இயல்பாக அணைஞ்சுதான் இருக்கும். மாற்றவேணுமெண்டால் இயந்திரத்தை நிறுத்தவேணும். சேர்வரின்ட விசிறி சத்தம்போடுற அண்டைக்குத்தான் இது ஞாபகம் வரும். நிறுத்தாமல் மாற்றுறதுக்காக இருக்கிற வசதியைப் போடுறதுக்கே நிறுத்தவேண்டி வரும்!

"அப்ப எல்லாத்துக்கும் போட்டுவிட்டால் சரிதானே?" எண்டு கேப்பினம். சரியில்லை. மொங்கோடிபி 5.0, 2021இல் வந்தபோதே ஏவிஎக்ஸ் கேட்டது. புரொக்ஸ்மொக்ஸ் 8 புது இயந்திரத்துக்கு இயல்பாகத் தெரிகிற x86-64-v2-ஏஇஎஸ் வகையில அது இல்லை. பெட்டிக்குள்ள புத்தம்புது புரொசசர் இருந்தாலும் மொங்கோ எழும்பாது. ரெட் ஹற் 9க்கு x86-64-v2 மட்டமாவது வேணும்; 10 இன்னும் மேல போய் v3 கேக்குது. அளவுக்கு மிஞ்சி ஒளிச்சால் இயங்குதளமே எழும்பாது.

ஆகவே, முழுக்கக் காட்டுறதையும் அடியோட மறைக்கிறதையும் நான் ஏற்கேல்லை. உங்கட சேர்வர்களில ஆகப் பழையது எது எண்டு பாருங்கோ. அதுக்கு என்ன தெரியுமோ அதையே பொது மட்டமாக வையுங்கோ. விண்டோஸ் சேர்வர் 2025, கிளஸ்டரில இருக்கிற எல்லா சேர்வருக்கும் பொதுவானதைத் தானாகவே கணக்குப் பாக்குது. மற்ற இடங்களில நாங்கள் கையால செய்யவேணும். வெப் சேர்வர், கோப்புச் சேர்வர், மெயில் எல்லாம் அந்த மட்டத்தில சந்தோசமா ஓடும். அதைவிடக் கூட வேணுமெண்டு அடம்பிடிக்கிற ஒண்டு ரெண்டுக்கு மட்டும் புரொசசரை முழுசாகக் காட்டுங்கோ. ஆனால், "திருத்த வேலை வந்தால் இது நிக்கும்" எண்டு எழுதி வையுங்கோ, அதைப் பாவிக்கிற ஆக்களுக்கும் முதலே சொல்லுங்கோ. நடுராத்திரியில சேவை நிண்டால் தவிக்கிறது அவையள்தானே.

காசு வரவர ஒவ்வொண்டா சேர்வர் வாங்கிற இடங்களுக்கு இன்னொரு விசயம். இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் நடுவில ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தை மாற்ற இந்தத் தெரிவு உதவாது. மலிவாக் கிடைக்குது எண்டு மற்றப் பக்கத்தில ஒண்டு வாங்கினால், நிறுத்தித்தான் மாற்றவேண்டி வரும். விலையைப் பாக்கேக்க அதையும் சேர்த்துப் பாருங்கோ.

கடைசியா, பரீட்சிக்காமல் நம்பாதேங்கோ. பழையதில இருந்து புதுசுக்குப் போறது பெரும்பாலும் சரிவரும். அதைப் பாத்திட்டு எல்லாம் சரி எண்டு நினைக்கிறம். புதுசுக்குப் போன பிறகு இயந்திரத்தை ஒருக்கா நிறுத்தி எழுப்புங்கோ. பிறகு பழையதுக்குத் திருப்பி அனுப்பிப் பாருங்கோ. அந்தத் திரும்பு பயணம் சரியாப் போனால்தான் உங்கட செட்டிங் சரி.