தொழுவத்து மருந்தும் பிணந்தின்னிக் கழுகும்

மனிதர், கால்நடை, காடு ஆகிய மூன்றின் சுகமும் ஒன்றையொன்று தொடர்ந்தது என்பதை ஒப்புக்கொண்டு, உலக சுகாதார ஸ்தாபனமும், உணவு விவசாய ஸ்தாபனமும், 1924-இல் பாரிஸில் ஏற்பட்ட கால்நடைச் சுகாதார ஸ்தாபனமும் கூடி வேலை செய்துவருகின்றன. 2022-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனமும் அவற்றுடன் சேர்ந்தது. இது தூரதேசத்து மகாநாட்டுச் சங்கதி என்று விவசாயிகள் எண்ணிவிடலாகாது. பிணந்தின்னிக் கழுகுக்கு நேர்ந்த கதியே இதற்குப் போதிய திருஷ்டாந்தம்.

ஊர்ப்புறத்தில் எறியப்பட்ட செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிச் சுத்தம் செய்துவந்தவை இப்பட்சிகள். 1990-களில் இவை திரள்திரளாக மடியலாயின. 1992-இல் இந்தியாவிலிருந்த வெண்முதுகுக் கழுகுகளில், 2007-இல் ஆயிரத்திற்கு ஒன்றுதான் மிஞ்சியது. தொற்றுவியாதி என்றே பலரும் சந்தேகித்தனர். பாகிஸ்தானில் பல தேசத்தாரும் கூடி நடத்திய ஆராய்ச்சியால் 2004-இல் உண்மை வெளிப்பட்டது. மாட்டின் வலிக்கும் வீக்கத்திற்கும் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து பிணத்தில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளைச் சுண்ணாம்புபோல் யூரிக் அமிலம் படியும்படி செய்து கொன்றது.

கழுகு ஒழிந்த இடத்தில் நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடியும் அதைத் தொடர்ந்தது. பிணங்கள் அழுகி நீர்நிலைகளும் கெட்டன. இவற்றால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் வருஷத்திற்குச் சுமார் 1 லட்சம் பேர் அதிகமாக இறந்ததாக, 2024-இல் வெளியான பொருளாதார ஆராய்ச்சியொன்று கணக்கிடுகிறது. மதிப்பீடுதான், அதில் பாதியே மெய்யாயினும் அற்பமன்று.

கழுகுக்கு எல்லைக்கல் தெரியாது. ஆகவே ஒரு தேசம் மாத்திரம் தடுத்துப் பயனில்லை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய மூன்றும் 2006-இலும், வங்காளதேசம் 2010-இலும் இம்மருந்தைக் கால்நடைகளுக்கு விலக்கின. ஆயினும் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் தொழுவங்களுக்குள் புகுந்தன. 2015-இல் இந்திய சர்க்கார் மனித உபயோகக் குப்பியையும் 3 மில்லிலிட்டருக்கு மேற்படாதபடி சுருக்க நேர்ந்தது அதனாலேயே. கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் என்பவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடுக்கப்பட்டன.

குடியானவர்மீது பழிசுமத்துவது நியாயமன்று. நோகும் மாட்டுக்கு மலிவாய்க் கிடைத்த மருந்தை நல்லெண்ணத்துடன் அவர் போட்டார். விலக்கப்பட்டதென்று தெரிந்தும் விற்பவரும், போடுபவருமே குற்றவாளிகள். அவர்களைக் கண்டு சும்மா இருக்கும் உத்தியோகஸ்தருக்கும் அதில் பங்குண்டு. கழுகுக்குக் கெடுதியில்லாத மெலாக்சிகாம் இருக்கையில், மாட்டின் வலியைத் தீர்க்க வேறு வழியில்லை என்ற சாக்குக்கு இடமேது?

நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கழுகுகள் கூடுகட்டுகின்றன. அதைச் சூழ்ந்த கிராமத்தார், ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேட்டறிவதும், சிகிச்சையிலிருந்து இறந்த மாட்டை வெளியில் எறியாமல் ஆழப் புதைப்பதும் அவசியம். புலி, சிறுத்தையின்மேல் கோபங்கொண்டு பிணத்தில் விஷம் வைப்பதோ, சட்டவிரோதமானதோடு கழுகுக் கூட்டத்தையே ஒரே நாளில் மாய்க்கத்தக்கது. புதைப்பதற்குப் புறம்போக்கில் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட ஓர் இடத்தைக் கிராம உத்தியோகஸ்தர் முன்கூட்டியே குறித்துவைப்பாராயின், மாடு இறந்த அன்று குடியானவர் அலைய நேரிடாது.