தோளுக்குச் சுகம், பக்கத்து ஆள் காதுக்கு வேட்டு

காட்டுப்பன்றி நம்ம மக்காச்சோளத்தை மட்டும் திங்கல. அமெரிக்காவுல டெக்சாஸ் விவசாயியும் அதே இனத்தோடதான் மல்லுக்கட்டறான். அவன் கையில ரைஃபிள், நம்ம கையில தகர டப்பா. அந்த வேட்டை வீடியோக்களை நம்ம பசங்க ராத்திரி காவல்ல உக்காந்து பாக்குறாங்க. அதுல குழல் வாயில எதை மாட்டுறதுன்னு பட்டிமன்றமே நடக்குது. "மஸில் பிரேக் மாட்டுங்க, உதையே தெரியாது"ன்னு சொல்றாங்க பாருங்க, இதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

மஸில் பிரேக் செய்யற வேலை என்ன? குண்டுக்குப் பின்னாடியே சீறி வர்ற வாயுவை பக்கவாட்டு ஓட்டை வழியா திருப்பி விடுது. தோள்ல உதை குறையுது, நெசந்தான். ஆனா முன்னாடி போக வேண்டிய சத்தமும் பக்கத்துக்கும் பின்னாலயும் திரும்புதே! ரைஃபிள் வெடி சாதாரணமாவே 150 டெசிபலுக்கு மேல. 140-ஐத் தாண்டினா ஒரே வெடியில காது நிரந்தரமா கெடலாம். சுடறவன் காதுல அடைப்பான் வெச்சிருப்பான். பக்கத்துல டார்ச் புடிச்சு நிக்கிற ஆளுக்கு? கூட வந்த நாய்க்கு?

ஃபிளாஷ் ஹைடர்னு இன்னொண்ணு. அது கண்ணைக் கூசற வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

விவசாயி மாட்ட வேண்டியது சைலென்சர். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கனம், இருக்கட்டும். சினிமாவுல காட்டுற மாதிரி 'ப்ஸ்க்'னு சுடாது, அது சுத்தப் பொய். 20, 30 டெசிபல் குறையும், உதையும் குறையும். குண்டு ஒலியை விட வேகமா போறதால சாட்டை அடிச்ச மாதிரி 'சடீர்'னு கேக்கத்தான் செய்யும். 1909-ல இதுக்குக் காப்புரிமை வாங்கின ஹைரம் பெர்சி மாக்சிம், மோட்டார் இன்ஜின் சத்தத்தை அடக்கவும் இதே வழியில வேலை பார்த்தவர். நம்ம பைக் சைலென்சருக்கு அண்ணன்னு வெச்சுக்கோங்க. (அதைக் கழட்டிட்டு ஊருக்குள்ள ஓட்டற பயலுகளைப் பத்தி இன்னொரு நாள்.)

நியூசிலாந்துல துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா போதும், சைலென்சருக்குத் தனி அனுமதி வேண்டாம். அமெரிக்காவுல 1934 சட்டம் அதுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் போட்டுச்சு. காதைக் கெடுக்கிற மஸில் பிரேக்குக்கு வரியும் இல்ல, பதிவும் இல்ல. என்ன நியாயம் இது?

நம்ம நாட்டுல பயிர்க் காவலுக்குன்னு 1959 ஆயுதச் சட்டம் சொல்றது, வாய் வழியா மருந்து கிட்டிக்கிற துப்பாக்கியை. சத்தத்தைக் குறைக்கிற கருவி தடைப்பட்டியல்ல இருக்கு. விட்டா திருட்டு வேட்டை பெருகும்னு சொல்லுவாங்க. காட்டோரத்துல வந்து பாக்கட்டும். இங்க திருட்டு வேட்டை சுருக்குக் கம்பியிலதான் நடக்குது, அது சத்தமே போடாது.