பதினாறு வழியில் ஐந்தை மட்டும் பூட்டினால் போதுமா?



தில்லை நகரிலும் தென்னூரிலும் நம் பிள்ளைகள் பலர் இப்போது கிளினிக், டியூஷன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம் என்று சொந்தமாக நடத்துகிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக. கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேரும் ஒரு பெட்டி உங்கள் அலுவலக மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்விட்ச். (ஃபேன் ஸ்விட்ச் இல்லை சித்தி!) கொஞ்சம் விலை கூடிய ரகமென்றால், வெளியூரிலிருந்தே அதற்குள் லாகின் செய்யலாம். அப்படி நுழைந்தவன் நெட்வொர்க்கையே நிறுத்தலாம். உங்கள் நோயாளிகளின் விவரம் அதன் வழியாகப் போகும்போது நகலெடுக்கலாம்.

"அவசரத்துக்கு நாங்க உள்ள வரணும் சார்" என்பார்கள், பெட்டியை மாட்ட வந்தவர்கள். வரட்டும். அதற்காக ஊருக்கே ஏன் திறந்து வைக்க வேண்டும்? ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை வீதியில் கடை போடலாம், மூலஸ்தானம் வரைக்குமா?

முதலில் டெல்நெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புகிற மாதிரியான வழி அது. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடிய பிறகுதான், அங்கிருந்த தாத்து இலோனன் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழியை எழுதினார். முப்பது வருஷமாகியும் நம் ஆட்களுக்கு டெல்நெட் பாசம் போகவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் டெல்நெட் வழியாகத்தான் புகுந்தது. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால், சுமார் அறுபது ஜோடி பெயர், பாஸ்வேர்டே அதற்குப் போதுமாக இருந்தது.

அடுத்ததுதான் எனக்குக் கோபம் வரும் விஷயம். சிஸ்கோ ஸ்விட்சில் வெளியிலிருந்து நுழைய வழக்கமாக 0 முதல் 15 வரை, 16 வழிகள் உண்டு. எந்த முகவரியிலிருந்து வருபவரை விடலாம் என்ற பட்டியலை அத்தனையிலும் பொருத்த வேண்டும். பழைய பழக்கத்தில் 0 முதல் 4 வரை மட்டும் பொருத்திவிட்டு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ளே இருந்தால், ஆறாவதாக வருபவனை எந்தப் பட்டியலும் தடுக்காது! பாதிக் கணக்குப் போட்ட பையனுக்காவது நான் பாதி மார்க் கொடுப்பேன்.

கூடங்குளம் நினைவிருக்கும். நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. ஸ்விட்சுக்குள் போகும் வழியையும் அப்படித் தனியாகப் பிரித்து வைக்கலாம். வரவேற்பறை வைஃபையில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே என்ன வேலை?

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் லாகின் கேளுங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் பண்ணியாச்சு சார்" என்றால் விடாதீர்கள், திரையில் காட்டச் சொல்லுங்கள்.

பெங்களூரில் இதே வேலையில் இருக்கும் பிள்ளைகளே, தீபாவளி லீவுக்கு வரும்போது மாமா கடை ஸ்விட்சையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.