விழுந்தால் திட்டாத கார்



சிதம்பரத்தில் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி நான்குக்கும் இங்கிலீஷில் 'கார் ஸ்ட்ரீட்' என்று பெயர். தேர் ஓடும் வீதி அப்படி ஆகிவிட்டது. ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் அந்த வீதிகளை ஆடி அசைந்து சுற்றி வருவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அங்கே குடியிருக்கும் என் பேரனுக்கோ 'கார்' என்றால் வேறு. அது அவன் அம்மாவின் செல்போனுக்குள் பறக்கிறது.

"அந்தக் கார் ரேஸுல அப்படி என்னதாம்மா இருக்கு? சாப்பிடக் கூப்பிட்டாக் காதே கேக்க மாட்டேங்குது" என்று என் பெண் கடலூருக்குப் போன் போட்டுப் புலம்பாத நாளில்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதே பாட்டுதானே? சரி, என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று, போன மாதம் சிதம்பரம் போனபோது பேரனையே குருவாக்கிக்கொண்டேன்.

முதல் வளைவில் சுவரில் மோதினேன். அடுத்து ஒரு லாரி மேல். கார் குட்டிக்கரணம் போட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் புத்தம் புதுசாக ரோட்டில் வந்து நின்றது! "பரவால்ல ஆயா, மறுபடி ஓட்டு" என்றான் பேரன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அரையாண்டில் கணக்கில் 41 மார்க் வாங்கியதற்கு ஒரு வாரமாக அந்த வீட்டில் அவனுக்கு அர்ச்சனை. இந்தக் காரோ எத்தனை முறை கவிழ்ந்தாலும் 'ஏன்' என்று கேட்பதில்லை. குழந்தை எங்கே போய் ஒதுங்குவான், சொல்லுங்கள்?

இந்த மாதிரி விளையாட்டுக்கு 'ஆர்கேட்' வகை என்று பெயர். காசு போட்டு ஆடும் மெஷின்களில் பிறந்தது. 1986-இல் ஜப்பானின் சேகா கம்பெனிக்காக யூ சுசுகி என்பவர் உருவாக்கிய 'அவுட் ரன்' இதில் பேர் போனது. நிஜக் காரின் கஷ்டமெல்லாம் அதில் கிடையாது. மோதினால் காரில் இருப்பவர்கள் தூக்கி எறியப்படுவார்கள். மறு நிமிஷம் மறுபடி ஓட்டலாம். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு எல்லையைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் நேரம் பரிசு. 'இதோ, இன்னும் ஒரே ஒரு எல்லை' என்ற ஆசை விடாது. அந்த நாளில் கையிலிருந்த காசு தீர்ந்தால் பிள்ளை தானாக வீடு திரும்பினான். செல்போனில் காசு தீர்வதில்லை. அதனால் முடிவை நாம்தான் வைக்க வேண்டும்.

எப்படி வைப்பது? பாதி ஓட்டத்தில் போனைப் பிடுங்குவது, பாதிச் சாப்பாட்டில் இலையை இழுப்பது மாதிரி. 'பத்து நிமிஷம்' என்று சொல்லாமல் 'இன்னும் இரண்டு ரேஸ்' என்று சொல்லுங்கள். முடித்த திருப்தியோடு எழுந்து வருவான். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தூரத்தில் உள்ள மரத்தையோ வீட்டையோ பார்க்கச் சொன்னால் கண்ணுக்கு இதம். படுக்கையில் போன் கூடவே கூடாது. ஓடும் பஸ்ஸில் ஆடினால் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். உடம்பு உணரும் ஆட்டமும் கண் பார்க்கும் ஆட்டமும் ஒத்துப்போகாததுதான் காரணம்.

ஆசைப்பட்டு ஆடுவதெல்லாம் வியாதி ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இருக்கிறது. ஆனால் நிறுத்த முடியாமை, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பெரும்பாலும் ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படித் தோன்றினால் டாக்டரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

எனக்குக் கவலை வேறொன்றில். "ஸ்கூட்டி சாவி குடும்மா, தெரு முனை வரைக்கும்" என்று இந்தப் பதிமூன்று வயதிலேயே ஆரம்பித்துவிட்டான். பேரனைக் கடலூருக்கு அழைத்து வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வரும் வழியெல்லாம் டிரைவர் எங்கே வேகத்தைக் குறைக்கிறார், எங்கே ஹாரன் அடிக்கிறார் என்று எண்ணச் சொன்னேன். "இங்கே கவிழ்ந்தால் மறுபடி வந்து நிற்குமாடா?" என்றேன். பேசவில்லை. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். அவரும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டு, பந்தயத்துக்கென்றே உள்ள பாதையில்தான் பறந்தார் என்றும் சொன்னேன். பெரியவர்களுக்கும் ஒரு சேதி: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது.

"விழுந்தா திட்டாம விட்டா எப்படிம்மா உருப்படுவான்?" என்று என் பெண் கேட்டாள். நியாயமான கேள்விதான். "ரோட்டுல விழக் கூடாதுடி, அங்கே கண்டிப்பா இரு. கணக்குல விழலாம், அங்கே மறுபடி ஓட்ட விடு" என்றேன். அன்று ராத்திரி அந்த 41 மார்க் பேப்பரை எடுத்து வைத்து, தப்பான கணக்குகளை மட்டும் அவனோடு உட்கார்ந்து போட்டாளாம். திட்டில்லாமல் நாலு கணக்கு சரியாக வந்ததாம். ஐந்தாவது வரவில்லை. "பரவால்லம்மா, நாளைக்கு மறுபடி போடறேன்" என்றானாம் பிள்ளை.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.