தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

ஹாரி பாட்டர் மறுபடி வருகிறான், இம்முறை எச்பிஓ-வின் தொலைக்காட்சித் தொடராக. 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2025 ஜூலையில், பழைய எட்டுப் படங்களும் உருவான அதே லீவ்ஸ்டன் ஸ்டூடியோவில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். ஹாரி, ரான், ஹெர்மயனி வேடங்களுக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் மட்டும் 32,000-க்கு மேல். ஏழு புத்தகங்களையும் சுமார் பத்தாண்டுகளில் சொல்லி முடிப்பது திட்டம். ‘புத்தகத்தில் உள்ளபடியே எடுப்போம்’ என்று அறிவித்த நாளிலிருந்தே வாக்குக் கொடுத்து வருகிறார்கள்.

இந்த வாக்கைக் கேட்டதிலிருந்து ரசிகர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திருச்சியில் ஒரு வாடகை நூலகம் நடத்துகிறேன். சின்ன வயதில் என்னிடம் பாட்டர் வாங்கிப் படித்தவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். சனிக்கிழமை மாலைகளில் தங்கள் பிள்ளைகளோடு வந்து, பிள்ளைகள் அலமாரியைத் துழாவும்போது இவர்கள் என் மேஜையில் கையை ஊன்றி நின்று பட்டியல் வாசிக்கிறார்கள். பீவ்ஸ் பேய் வர வேண்டும். வீட்டுக்குறளிகளுக்காக ஹெர்மயனி சங்கம் தொடங்குவது வர வேண்டும். வோல்டெமார்ட்டின் அம்மா கதை முழுசாக வர வேண்டும். ஹாரியின் கண் பச்சையாகவே இருக்க வேண்டும். போன முறை நடித்த பையனுக்கு லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீலக் கண்ணோடு விட்டுவிட்டார்கள், இம்முறை அந்தச் சாக்கெல்லாம் கூடாது. நான்காம் படத்தில் டம்பிள்டோர் ஹாரியைப் பிடித்து உலுக்கிக் கத்தினாரே, புத்தகத்தில் அமைதியாகத்தானே கேட்பார் என்ற வழக்கு 2005-லிருந்து நிலுவையில் இருக்கிறது.

எல்லாம் நியாயமான ஆசைகள். ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள அத்தனையையும் தூக்கிக் கொடுத்தாலும் தொடர் தோற்கலாம் என்பது என் கட்சி. பட்டியல் போடுபவர்களை மனதில் வைத்துத் தொடரை எடுத்தால் தோற்றே தீரும் என்றும் சொல்வேன். ஏனென்றால் அவர்களுக்குக் கதை தெரியும்.

ஒரு எச்சரிக்கை: இதற்கு மேல் முதல் புத்தகத்தின் முடிச்சையும் மூன்றாம் புத்தகத்தின் முடிச்சையும் அவிழ்க்காமல் பேச முடியாது. வீட்டில் இன்னும் படிக்காத பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வைத்துவிடுங்கள்.

மந்திரக்கோலையும் பறக்கும் துடைப்பத்தையும் பார்த்துவிட்டு இவற்றை மாயக்கதை என்கிறோம். உள்ளே இருப்பது பச்சையான துப்பறியும் கதை. முதல் புத்தகத்தில், துடைப்பத்தில் பறந்து ஆடும் க்விடிச் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடு ஆட்டத்தில் ஹாரியின் துடைப்பம் அவனை உதறித் தள்ளப் பார்க்கிறது. ஹெர்மயனி பைனாகுலரைத் திருப்பிப் பார்வையாளர் வரிசையைப் பார்க்கிறாள். ஆசிரியர் ஸ்னேப் கண் இமைக்காமல் ஹாரியையே பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். ஆசாமி கையும் களவுமாகச் சிக்கிவிட்டார். அவள் ஓடிப்போய் அவருடைய அங்கியின் விளிம்பில் நெருப்பு வைக்கிறாள், துடைப்பம் அடங்குகிறது, நாம் கைதட்டுகிறோம்.

அவள் ஓடும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. வரிசையில் நின்ற க்விரல் என்ற இன்னொரு ஆசிரியர் மீது அவள் மோத, அவர் குப்புற விழுகிறார். மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். திக்கித் திக்கிப் பேசும் அப்பாவி வாத்தியார், பாவம், விழுந்துவிட்டார் என்று நாமும் போய்விடுகிறோம். சூனியம் வைத்தவர் அவர்தான். அவர் விழுந்ததால்தான் பார்வை அறுந்தது, துடைப்பம் அடங்கியது. ஸ்னேப் முணுமுணுத்தது ஹாரியைக் காப்பாற்றும் மாற்று மந்திரம். இதெல்லாம் கடைசி அத்தியாயத்தில்தான் தெரியவரும். அந்த ஒரு வாக்கியத்தை எழுத்தாளர் ரவுலிங் நம் கண் முன்னாலேயே ஒளித்து வைத்திருக்கிறார்.

இதை எப்படிப் படமாக்குவது? காமிரா க்விரல் மீது அரை நொடி கூடுதலாக நின்றால் போச்சு. தெரிந்தவர்களுக்கு அந்த அரை நொடி இனிக்கும், ‘பார்த்தியா, பார்த்தியா’ என்று பக்கத்தில் இருப்பவரை இடிப்பார்கள். தெரியாத பிள்ளைக்குப் புத்தகமே அதோடு முடிந்துவிடும்.

தெரியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்களா, இருபத்தைந்து வருடமாக ஊரே பேசித் தீர்த்த கதையாயிற்றே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். போன கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்புப் போகும் பெண் ஒருத்தி மூன்றாம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான்காவதை எடுத்து நீட்டினேன். “அது அப்புறம் ஆன்ட்டி. மொதல்ல ஒண்ணும் ரெண்டும் திருப்பிக் குடுங்க. அந்த எலிய செக் பண்ணணும்” என்றாள். ரானின் கிழட்டு எலியைத்தான் சொல்கிறாள். மூன்றாம் புத்தகத்தில், செல்லப்பிராணிக் கடையில், சாதாரண எலி மூன்று வருடத்துக்கு மேல் உயிர் வாழாது என்று கடைக்காரி போகிறபோக்கில் சொல்வாள். இந்த எலியோ ரானின் அண்ணன் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கிறது. முன்னங்காலில் ஒரு விரல் இல்லை. அதை நாம் யோசிப்பதற்குள் ஒரு பூனை மேலேயிருந்து பாய்ந்து கடையே களேபரமாகிவிடும். எலி எலியே இல்லை என்பது புத்தகத்தின் கடைசியில்தான் புரியும். முதல் புத்தகத்திலிருந்து ரானின் சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்தது ஒரு கொலைகாரன். அந்தப் பெண் பழைய புத்தகங்களுக்குள் திரும்பிப் போக ஆசைப்பட்டதற்கு இதுதான் காரணம். புதிய தொடர் அவளைப் போன்ற ஆட்களுக்குத்தான் முதலில் கடன்பட்டிருக்கிறது.

புத்தகத்தில் உள்ளபடியே எடுத்தும் கோட்டைவிட முடியும் என்பதற்குப் பெர்சி ஜாக்சன் நல்ல சாட்சி. ரிக் ரியோர்டனின் அந்த வரிசையின் முதல் புத்தகம் 2005-ல் வந்தது. 2010-ல் வந்த சினிமா பன்னிரண்டு வயதுப் பெர்சியை வளர்ந்த பையனாக்கிக் கதையைக் கலைத்துப் போட்டது. வேண்டாம், வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று 2009-லேயே தயாரிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதி மன்றாடியிருக்கிறார் ஆசிரியர். பிற்பாடு அந்த மின்னஞ்சல்களைத் தானே வெளியிட்டார். ஆக, 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடர் வந்தபோது ரசிகர்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆசிரியரே உள்ளே உட்கார்ந்திருந்தார். பெர்சிக்குச் சரியான வயது. அத்தியாயத் தலைப்புகள்கூடப் புத்தகத்திலிருந்தே. பெர்சியின் தோழி அனபெத்தாகக் கறுப்பினச் சிறுமி லியா ஜெஃப்ரீஸ் நடிப்பதற்கு எழுந்த கூச்சலை ரியோர்டன் அதற்கு முந்தைய ஆண்டே நன்றாகக் கொடுத்து அடக்கியிருந்தார்.

அந்தத் தொடரில் மெடூசா வரும் இடத்தைப் பாருங்கள். புத்தகத்தில் மூன்று பிள்ளைகளும் பசியோடு காட்டுவழியில் வருகிறார்கள், பர்கர் வாசம் மூக்கில் ஏறுகிறது, தோட்டச் சிலை விற்கும் கடை ஒன்று. முக்காடிட்ட ஒரு அம்மாள் வயிறாரச் சாப்பாடு போடுகிறாள், சும்மா ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். மூவரில் ஆடுகால் பையனுக்கு மட்டும் வாசலிலிருந்தே மனசு சரியில்லை. அங்கிருக்கும் சிலைகளில் ஒன்று அவனுடைய மாமா மாதிரியே இருக்கிறது. படிக்கிற பிள்ளை, ‘டேய், எந்திரிச்சு ஓடுங்கடா’ என்று பதறும் இடம் அது. தொடரில், சிலைகளைக் கண்டவுடனேயே இது மெடூசாவின் இடம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தே உள்ளே போகிறார்கள். மெடூசா தன் பக்கத்து நியாயத்தைப் பேசுகிறாள். அந்தப் பேச்சு நன்றாகவே இருக்கிறது, புத்தகத்தில் இல்லாத கனம் அவளுக்கு வந்திருக்கிறது. பதற்றம் மட்டும் போய்விட்டது. பிறகு வரும் சூதாட்ட விடுதிக் காட்சியிலும் இதே கதைதான். எல்லாருக்கும் மெடூசாவைத் தெரியுமே, இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் மக்கு என்று நினைத்துவிடுவார்களே என்று தயாரிப்பில் யாரோ கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கவலையே தெரிந்த பார்வையாளரை மனதில் வைத்து வருவது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. அமேசானின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடரை அதன் வாசகர்கள் திட்டாத நாள் இல்லை. ராபர்ட் ஜோர்டன் 1990-ல் தொடங்கி, 2007-ல் அவர் இறந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் 2013-ல் முடித்து வைத்த பதினான்கு தடித்தடிப் புத்தகங்கள் அவை. சீசனுக்கு எட்டே எபிசோடு. முதல் எபிசோடிலேயே பெரின் என்ற பையனுக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு மனைவியைக் கொடுத்து, அவன் கையாலேயே அவளைச் சாகடித்தார்கள். வாசகர்களின் கோபம் நியாயமானது, எனக்கும் அது இன்னும் ஆறவில்லை.

ஆனால் 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் சீசனின் நான்காம் எபிசோடு வேறு ரகம். முகத்திரையை ஏற்றிவிட்டால் கொல்லத் தயார் என்று பெயரெடுத்த பாலைவனப் போர்க்குடி ஒன்று இந்தக் கதையில் உண்டு. நாயகன் ராண்ட் கண்ணாடித் தூண்களுக்கிடையே நடக்கிறான். அடி எடுத்து வைக்க வைக்கத் தன் முன்னோர்களின் வாழ்க்கைக்குள் பின்னோக்கிப் போகிறான். முதலில் பேரன், அப்புறம் தாத்தா, அப்புறம் அவருக்கும் பாட்டன். ஆயுதமே தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்களின் வழி வந்தவர்கள் இவர்கள் என்பது மெல்ல விரிகிறது. கடத்தப்பட்ட தன் வீட்டுப் பெண்களை மீட்க முதன்முதலாக ஈட்டி எடுத்துக் கொன்ற ஒருவனின் முகத்தைப் பார்க்க அவன் தாயே மறுக்கிறாள். அவ்வளவு காலம் கொலைக்கு அடையாளமாக நமக்குத் தெரிந்த திரை எங்கிருந்து வந்தது என்று அங்கேதான் விளங்குகிறது. வரிசைப்படி முன்னோக்கிச் சொல்லியிருந்தால் இது ஒரு இனத்தின் வரலாற்றுப் பாடம், அவ்வளவுதான். 1992-ல் வந்த நான்காம் புத்தகத்தின் அந்தப் பின்னோக்கு நடையைத் தொடரும் அப்படியே வைத்துக்கொண்டது; அத்தனை மூதாதையராகவும் ராண்டாக நடிக்கும் ஜோஷா ஸ்ட்ராடௌஸ்கியே வேடம் மாற்றி வருகிறார். புத்தகத்திலிருந்து எத்தனையோ விலகியவர்கள், எது எப்போது தெரிய வேண்டும் என்பதில் மட்டும் அங்கே கை வைக்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தவர்களே எழுந்து நின்று பாராட்டினார்கள். மே மாதம் அமேசான் தொடரை ரத்து செய்துவிட்டது.

பாட்டருக்குத் திரும்புவோம். இப்போது பெரிய சண்டை ஸ்னேப்பாக பாபா எஸ்ஸியேடு நடிப்பது பற்றி. நிறத்தைச் சொல்லி வசைபாடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ‘புத்தகத்தில் உள்ளபடி’ என்று பழைய படங்களில் ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனைத் துணைக்கு அழைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஹாரி பள்ளியில் சேரும்போது புத்தகத்து ஸ்னேப்புக்கு வயது 31. முதல் படம் வந்தபோது ரிக்மனுக்கு 55. எஸ்ஸியேடு 1990-ல் பிறந்தவர். ரிக்மனை நாம் இன்றுவரை கொண்டாடுவதற்குக் காரணமும் வயதோ மூக்கோ இல்லை. கடைசிப் புத்தகம் வெளிவருவதற்கு வெகுகாலம் முன்பே ஸ்னேப்பைப் பற்றி ஒரு சிறு ரகசியத்தை ரவுலிங் அவரிடம் சொல்லியிருந்தார். அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, படத்துக்குப் படம் ஸ்னேப்பை நாம் வெறுக்கும்படி செய்தார். எஸ்ஸியேடு ஊருக்கே தெரிந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டும். அதைப் பற்றி யாரும் கவலைப்படக் காணோம். (ரவுலிங் திருநர் பற்றிச் சொல்லிவரும் கருத்துகளுக்காகவே தொடரைப் புறக்கணிப்போம் என்பவர்களும் உண்டு. அது பெரிய பேச்சு, தனியாகப் பேச வேண்டியது.)

எனக்கு உறுத்தும் செய்தி வேறு. முதல் சீசனுக்கு அறிவித்த நடிகர்களில் லூசியஸ் மால்ஃபாயாக ஜானி ஃப்ளின் இருக்கிறார். முதல் புத்தகத்தில் லூசியஸ் பேச்சில் அடிபடுவாரே தவிர நேரில் வரமாட்டார். அப்படியானால் ஹாரி இல்லாத அறைகளுக்குள் காமிரா போகப் போகிறது. புத்தகங்களில் ஒருசில தொடக்க அத்தியாயங்கள் போன்ற இடங்களை விட்டால் நாம் ஹாரியை விட்டு நகர்வதே இல்லை. அவன் தப்பாக நினைத்தால் நாமும் தப்பாகத்தான் நினைப்போம். ஆசிரியர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், பெரிய மனிதர்கள் வீட்டுக்குள் என்ன சதி என்று எபிசோடை நிரப்ப ஆரம்பித்தால் நாம் அவனைவிட அதிகம் தெரிந்தவர்களாகிவிடுவோம். பழைய ரசிகர்கள் இதைப் போனஸ் என்று வரவேற்பார்கள்.

ரசிகர்களின் புகார்களில் ஒன்றை மட்டும் நான் முழுமனதோடு ஆதரிப்பேன். 2004-ல் வந்த மூன்றாம் படத்தில், பள்ளியில் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று காட்டும் மந்திர வரைபடம் வரும். அதைச் செய்த நான்கு பேர் யார் என்பதைப் படம் கடைசிவரை சொல்லாது. புத்தகத்தில் அந்த நான்கு புனைபெயர்களும் யார் யார் என்று தெரியும்போதுதான் ஹாரியின் அப்பா, ஓநாயாகும் ஆசிரியர், சிறையிலிருந்து தப்பியவர், எலி என்று நாலும் ஒரே முடிச்சில் வந்து விழும். பீவ்ஸ் இல்லாதது ஒரு வேடிக்கை குறைவது. இது கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கிழித்துப்போடுவது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் பலருக்கு அப்படியொரு கேள்வி இருந்ததே தெரியாது.

மூன்றாம் சீசன் வருவதற்குள் இன்றைய ஏழாம் வகுப்புக்காரி கல்லூரிக்கே போய்விடக்கூடும். அவள் தம்பிகள் இருப்பார்கள். அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், பாப்கார்னை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள், ரானின் சட்டைப் பையிலிருந்து எலி தலையை நீட்டும்போது மட்டும் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.