கூட்டருகே கேமரா வேண்டாம்

ஓசூரின் ஆலைகளைத் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கருங்கல் குன்றுகளும் முட்புதர்க் காடும் தொடங்கிவிடுகின்றன. இந்த வறள்நிலம் வேட்டைப் பறவைகளுக்கு ஏற்ற இடம். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை முட்டையிடும். வெயில் ஏறியதும் பாம்புக் கழுகு வெப்பக்காற்றில் வட்டமிடும். பெரிய லென்ஸுடன் இவற்றைத் தேடி வருபவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால், கூட்டை நெருங்கிப் படமெடுப்பதை ஏற்க முடியாது. ஆளைக் கண்டு தாய்ப்பறவை விலகினால், சூடேறிய பாறையில் குஞ்சு நிழலின்றிக் கிடக்கும். பாம்புக் கழுகு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும்; அது கெட்டால் அந்த ஆண்டே போயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கூட்டைக் கலைப்பதை வேட்டை என்றே சொல்கிறது. எல்லைக்கு அப்பால், ராமநகரத்தின் ராமதேவர பெட்டாவை 2012இல் கர்நாடகம் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக்கியது. நம் குன்றுகள் பலவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. கல்குவாரிகளும் அவற்றை நெருங்குகின்றன. ஆகவே, கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். பறவை உங்களைப் பொருட்படுத்தாத தூரத்தில் நின்று எடுங்கள். அந்தப் படத்தைத் தேதியோடு வனத்துறைக்கும் கொடுங்கள். குன்றைக் காக்க வாதாடுபவர்களுக்கு அதுவே சான்று.