லிசியு இல்லத்துப் பாடவேளை



பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே, அதுவும் நிதானமாகக் கற்பித்தால் பிள்ளை பின்தங்கிவிடாதா என்று வினவுவோர் பலர். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என 1965-இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது உண்மையே. ஆயினும் அச்சம் எளிதில் நீங்குவதில்லை. நாம் வணங்கும் சிறுமலர் தெரேசாளின் குழந்தைப் பருவத்தைச் சற்று நோக்குவோம்.

1877 ஆகஸ்டில் தாய் செலி இறைவனடி சேர்ந்தார். நவம்பரில் குடும்பம் அலென்சோனை விட்டு லிசியு நகரில் குடியேறியது. நான்கு வயதுத் தெரேசாளுக்குப் பதினாறே வயதான தமக்கை பவுலின் ஆசிரியையானார். மூத்தவர் மரி எழுதக் கற்பித்தார். குழந்தை தானாக வாசித்த முதற்சொல் 'விண்ணகம்'. மறைக்கல்வி இனித்தது. இலக்கணமோ கண்ணீரை வரவழைத்தது. பிரெஞ்சு மொழியின் ஆண்பால் பெண்பால் அவளை அவ்வளவு வாட்டியது! பாடம் முடிந்ததும் மேல்மாடிக்கு ஓடித் தான் பெற்ற மதிப்பெண்ணைத் தந்தையிடம் காட்டுவாள்.

பிற்பகலில் தந்தையின் கரம் பற்றி உலாவச் சென்று, நாளொரு கோவிலில் நற்கருணை நாதரைச் சந்திப்பாள். திரும்பிய பின்னரே பாடம் எழுதுவாள். எஞ்சிய பொழுது தோட்டத்திற்கு உரியது. தரையில் கிடந்த விதைகளையும் மரப்பட்டைகளையும் கொண்டு அவள் தயாரிக்கும் கஷாயத்தைத் தந்தை அருந்துவதுபோல் பாவனை செய்வார். வெயில் நாட்களில் அவர் மீன் பிடிக்க, இவள் புல்வெளியில் அமர்ந்து சிந்தனையில் ஆழ்வாள். தியானம் என்ற சொல்லை அறியாமலே தியானித்ததாகப் பின்னாளில் புனிதை எழுதினார். குளிர்கால மாலைகளில் பலகையில் காய் நகர்த்தி ஆடிய பின், கெராஞ்சே அடிகளாரின் திருவழிபாட்டு ஆண்டு நூலிலிருந்து தமக்கையர் வாசிப்பர். பருவமும் திருநாளும் இவ்வாறு பாடநூலாயின.

1881 அக்டோபரில், எட்டரை வயதில், பெனடிக்டைன் கன்னியர் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பில் அனைவரும் அவளினும் மூத்தோர்; ஆயினும் பெரும்பாலும் அவளே முதலிடம். பின்தங்கவில்லை. ஆனால் பொறாமை கொண்ட மூத்த மாணவி ஒருத்தியை எதிர்கொள்ள அறியாது அழுதாள். அந்த ஐந்து ஆண்டுகளே தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்கிறார். இல்லக் கல்வியை மேற்கொள்வோர் இதனைப் புறக்கணித்தல் தகாது. பிற பிள்ளைகளோடு பழகுவதும் ஒரு பாடமே. அதனைப் பவுலினால் கற்பிக்க இயலவில்லை.

1886-இல் உடல்நலம் குன்றவே, தந்தை பள்ளியை நிறுத்தி, ஓர் ஆசிரியையின் இல்லத்திற்கு வாரம் சில முறை அனுப்பினார். பதினான்காம் வயதில் அறிவுத்தாகம் தானே பெருகியது. வரலாற்றையும் அறிவியலையும் தனித்துப் பயின்று, அதுவரை கற்ற ஆண்டுகளைவிடச் சில மாதங்களில் மிகுதியாகக் கற்றார். அதற்கும் குறித்த மணிநேரத்திற்கு மேல் அவர் ஒதுக்கவில்லை.